பென்ஷன் வந்தாச்சு, அடுத்து என்ன?

முன்னாள் படைவீரர் பகுதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சொந்தத் தொழில் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எங்கள் வேலூர், திருவண்ணாமலை பக்கத்திலிருந்துதான். கம்மவான்பேட்டை மாதிரி பட்டாளத்துக்கு ஆள் அனுப்பியே பேர் வாங்கிய ஊர்கள் இருக்கும் பகுதி, அதனால் ஆச்சரியமில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்காக என்னைப் பற்றி இரண்டு வரி. ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் 17 வருஷம், பிளம்பர் டிரேடு, 2006-ல் நாயக் ரேங்க்கில் பென்ஷன் வந்தேன். இப்போது ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியும், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் காண்ட்ராக்ட்டும் நடத்துகிறேன். இரண்டிலும் சேர்த்து 64 பேர் வேலை பார்க்கிறார்கள், அதில் 27 பேர் என்னை மாதிரியே டிரங்குப் பெட்டியோடு காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியவர்கள்.

கேள்வி: இன்னும் நான்கு மாதத்தில் ஹவில்தாராக வெளியே வருகிறேன் அண்ணா. வயது 41. கிராஜுவிட்டி, ஃபண்டு, குரூப் இன்சூரன்ஸ், கம்யூடேஷன் (பென்ஷனில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்குவது) எல்லாம் சேர்த்தால் நாற்பது லட்சத்துக்கு மேல் வரும். மைத்துனர் டிப்பர் லாரி வாங்கலாம் என்கிறார். என்னோடு ஒரே யூனிட்டில் இருந்தவர், ஒரு கம்பெனியில் போட்டால் லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம் வருகிறது என்கிறார். எதைச் செய்யலாம்? (போளூரிலிருந்து ஒரு வாசகர்)

இரண்டையும் இப்போது செய்யாதீர்கள் தம்பி.

முதலில் அந்தக் கம்பெனி விஷயம். லட்சத்துக்கு மாசம் எட்டாயிரம் என்றால் வருஷத்துக்கு 96 சதவீதம். பேங்க்கில் ஏழு சதவீதம் வாங்க நாம் அலைகிறோம். எந்த வியாபாரம் செய்தால் ஒருவர் உங்களுக்கு 96 சதவீதம் கொடுத்துவிட்டுத் தானும் பிழைக்க முடியும்? அவர்கள் முதல் ஆறு மாசம் சரியாகக் கொடுப்பார்கள், அது உங்களுக்கு அடுத்து வந்து பணம் கட்டியவருடைய பணம். எங்கள் பக்கத்தில் இப்படி ஏமாந்த ராணுவக் குடும்பங்களை எண்ணி முடியாது. எனக்கு மிகவும் வேதனை தருவது என்னவென்றால், ஆள் பிடிக்க வருபவர் பெரும்பாலும் நம்மோடு பட்டாளத்தில் ஒரே லங்கரில் (சாப்பாட்டுக் கூடத்தில்) சாப்பிட்டவராக இருக்கிறார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் பணம் போட்டிருப்பார், கமிஷன் வந்திருக்கும், உண்மையிலேயே உங்களுக்கு நல்லது செய்வதாக நம்பிக்கொண்டிருப்பார். எங்கள் ஊரில் ஒருவர் பென்ஷனில் பாதியைக் கம்யூட் செய்து வாங்கிய மொத்தத் தொகையையும் இப்படி ஒரு இடத்தில் கொடுத்துவிட்டார். கம்பெனி மூடிவிட்டது. கம்யூடேஷன் பிடித்தம் மட்டும் நிற்கவில்லை, அது 15 வருஷம் ஓடும். கையில் இல்லாத பணத்துக்காக மாசாமாசம் அவருடைய பென்ஷன் குறைந்தே வருகிறது. யாராவது டெபாசிட் கேட்டால் ரிசர்வ் வங்கியின் ‘சச்சேத்’ இணையதளத்தில் அந்தப் பெயரைத் தேடுங்கள், பொதுமக்களிடம் பணம் வாங்க அனுமதி உண்டா என்று பார்க்கலாம். சந்தேகம் வந்தால் அந்த நண்பரிடமும் எடுத்துச் சொல்லி வெளியே வரச் சொல்லுங்கள்.

அடுத்து லாரி. உங்கள் மைத்துனரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். லோடு யார் தருவார்? ஒரு நடைக்கு என்ன கொடுப்பார்? எத்தனை நாள் கழித்துக் கொடுப்பார்? இதற்குப் பேரோடு, ஊரோடு பதில் வந்தால் மேலே பேசலாம். ‘வண்டி இருந்தா லோடு தன்னால வரும்’ என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டி வீட்டு வாசலில் சும்மா நின்றாலும் தவணை, இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர் எதுவும் காத்திருக்காது.

என்னிடம் யார் வந்தாலும் நான் சொல்வது, முதல் ஆறு மாசம் எந்தத் தொழிலும் தொடங்காதீர்கள் என்பதுதான். எந்தத் தொழிலில் ஆசையோ அந்தத் தொழிலில் ஒருவரிடம் சம்பளத்துக்குச் சேருங்கள். பத்தாயிரம் கொடுத்தாலும் போங்கள். ஹவில்தாராக முப்பது பேரை வைத்து வேலை வாங்கியவன் இன்னொருவனுக்குக் கீழே போய் நிற்பதா என்று மனசு கேட்கும். ஆனால் எந்தச் சரக்கு எங்கே மலிவு, யார் கடன் சொல்லி இழுத்தடிப்பார், மழைக்காலத்தில் வேலை எவ்வளவு படுக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். ஆறு மாசத்தில் ‘இது நமக்கு ஆகாது’ என்று தெரிந்தால் உங்களுக்கு மிச்சம் பல லட்சம்.

பணத்தை என்ன செய்வது என்றால், கடன் இருந்தால் அடையுங்கள், பிள்ளைகள் படிப்புக்குத் தனியாக ஒதுக்குங்கள், மீதியைப் பேங்க்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். தொழிலுக்கு என்று ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். பென்ஷன் புத்தகத்தை வைத்துக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். மாசம் பிறந்தால் வரும் அந்தப் பணமும், ஈ.சி.எச்.எஸ். என்ற முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் கிடைக்கும் வைத்தியமும் நமக்கு எவ்வளவு பெரிய பலம் என்று வெளியே வந்த பிறகுதான் புரிந்தது. மற்றவர்கள் தொழில் தொடங்கும்போது வீட்டில் அரிசிக்கும் சேர்த்துச் சம்பாதிக்க வேண்டும், நமக்கு அந்தப் பயம் இல்லை. அதை நாமே கெடுத்துக்கொள்ளக் கூடாது. பாதி வரை கம்யூட் செய்யலாம் என்பதற்காகப் பாதியையும் செய்ய வேண்டும் என்று கட்டாயமில்லை, மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, உடனே செய்ய வேண்டியது. டி.ஜி.ஆர். என்ற பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சி வகுப்புகள் பென்ஷன் வருவதற்கு முன்பே போக வேண்டியவை. நம் ஆட்கள் பலர் ‘லீவு எடுத்து வீட்டு வேலையை முடித்துக்கொள்கிறேன்’ என்று விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டேன், இன்றும் அந்த வருத்தம் இருக்கிறது. நாளைக்கே யூனிட் ஆபீஸில் என்ன வகுப்பு இருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து செக்யூரிட்டி ஏஜென்சி ஆரம்பிக்க இருக்கிறோம். ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். எவ்வளவு முதல் வேண்டும்? (ராணிப்பேட்டை)

முன்னாள் ராணுவத்தினர் என்றாலே முதலில் மனசில் வரும் தொழில் இது. நல்ல தொழில்தான், நான் இதில்தான் இருக்கிறேன், ஆனால் முதல் எவ்வளவு என்று கேட்கிறவர்கள் எல்லோரும் ஆபீஸ் வாடகை, யூனிஃபார்ம், லைசென்ஸ் ஃபீஸ் என்றுதான் கணக்குப் போடுகிறார்கள். பணம் சாப்பிடுகிற இடம் அது இல்லை.

லைசென்ஸை முதலில் சொல்லிவிடுகிறேன். 2005-ஆம் வருஷத்துத் தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஏஜென்சி நடத்த முடியாது. ஒரு மாவட்டத்துக்கு மட்டும் என்றால் கட்டணம் ரூ.5,000, ஐந்து மாவட்டம் வரை ரூ.10,000, மாநிலம் முழுக்க ரூ.25,000. ஐந்து வருஷம் செல்லும். காவலர்களுக்குப் பயிற்சி கட்டாயம். மத்திய மாதிரி விதிகளில் சாதாரண ஆட்களுக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப்பயிற்சி என்று இருக்கிறது, முன்னாள் படைவீரர்களுக்கு 40 மணியும் 16 மணியும் போதும். ஆள் எடுக்கும்போது நம்மவர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது.

இப்போது முக்கியமான கணக்கு. ஒரு கம்பெனியில் 20 பேரை நிறுத்துகிறீர்கள், ஆளுக்குச் சம்பளம் 14,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப்.பில் உங்கள் பங்கு 13 சதவீதம், ஈ.எஸ்.ஐ. மூன்றேகால் சதவீதம், இரண்டும் சேர்ந்தால் ஓர் ஆளுக்கு 16,275 ரூபாய் ஆகிவிடும். இருபது பேருக்கு மாசம் 3,25,500. சம்பளம் ஏழாம் தேதிக்குள் போக வேண்டும், பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் பதினைந்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கம்பெனிக்காரர் உங்களுக்குப் பில் பாஸ் பண்ணிக் கொடுப்பது எப்போது? நல்லவராக இருந்தால் 45 நாள், சாதாரணமாக 60 நாள், சில இடத்தில் 90 நாள். அப்படியென்றால் மூன்று மாசச் சம்பளம், ஏறக்குறைய 9,77,000 ரூபாய், உங்கள் கையிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் கேட்ட முதல் இதுதான். இது கையில் இல்லாவிட்டால் 20 பேர் ஆர்டரை எடுக்காதீர்கள், ஆறு பேர் ஆர்டரை எடுங்கள்.

பட்டாளத்தில் நமக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, முதல் தேதி வந்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் நான் விழுந்தேன். 2008-ல் ஒரு மில்லில் 14 பேரை நிறுத்தினேன். முதல் இரண்டு மாசம் பணம் ஒழுங்காக வந்தது, அப்புறம் ‘அடுத்த வாரம், அடுத்த வாரம்’ என்று நான்கு மாசம் ஓடிவிட்டது. நிறுத்தியிருந்த 14 பேரில் ஒன்பது பேர் பட்டாளத்துக்காரர்கள், என் வார்த்தையை நம்பி வந்தவர்கள். அவர்களிடம் போய் நானும் அடுத்த வாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனைவியின் பதினொரு சவரனை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தேன். மில் பணம் வந்து சேர்வதற்குள் நகை மூழ்கிவிட்டது. அவள் அதைப் பற்றி இன்று வரை ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனாலேயே எனக்கு அது ஆறவில்லை.

அந்த ஒன்பது பேரில் ஏழு பேர் இன்னும் என்னோடுதான் இருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரியாத ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்கிறேன். ஏஜென்சி ஆரம்பித்ததும் ‘உத்யம்’ என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. குறு, சிறு நிறுவனத்துக்கு ஒப்பந்தப்படி அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்து எம்.எஸ்.எம்.இ. சட்டத்தில் இருக்கிறது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இழுத்தடித்தால் மத்திய எம்.எஸ்.எம்.இ. அமைச்சகத்தின் இணையதளம் வழியாகப் புகார் போடலாம். வருமான வரியிலும் ஒரு பிடி வைத்துவிட்டார்கள், நாள் கடந்து கொடுத்தால் உண்மையில் கொடுக்கும் வருஷத்தில்தான் அதைச் செலவாகக் கணக்குக் காட்ட முடியும், அதனால் பெரிய கம்பெனிகளின் கணக்குப் பிரிவு இப்போது நம் பில்லைக் கொஞ்சம் கவனிக்கிறது. கோபப்படாமல் இந்தச் சட்டத்தைச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தாலே பாதி இடத்தில் பணம் வந்துவிடுகிறது.

நான்கு பேர் பங்கு என்பதால் ஒரு வார்த்தை. பட்டாளத்தில் ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுக்கும் அளவுக்குப் பழகியிருப்பீர்கள், அதனால் எழுத்தில் எதற்கு என்று தோன்றும். எழுதிவிடுங்கள். யார் எவ்வளவு போட்டார், யார் முழுநேரம், யாருக்குச் சம்பளம், ஒருவர் விலகினால் என்ன, எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதிப் பதிவு செய்யுங்கள். அந்த நட்பு கெடக் கூடாது என்பதற்காகவே எழுதச் சொல்கிறேன்.

உங்களில் ஒருவராவது டெக்ஸ்கோவில் ஒரு வருஷம் வேலை பார்த்திருந்தால் ரொம்ப நல்லது. முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுக்கவே 1986-ல் தமிழக அரசு தொடங்கிய நிறுவனம் அது. அரசு இடங்களில் காவல் பணி எப்படி நடக்கிறது என்று உள்ளே இருந்து பார்க்கலாம்.

கேள்வி: என் கணவர் 19 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தார். ஒன்றரை வருஷமாக மளிகைக் கடை வைத்திருக்கிறோம். கடன் கேட்கிறவர்களோடு சண்டை, கடைப் பையன் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தால் எல்லோர் முன்னாலும் திட்டு. பிள்ளைகள் அப்பா இருக்கும் அறைக்குள் போவதில்லை. இரவில் சரியாகத் தூங்குவதில்லை. கடையை மூடிவிடலாமா? (குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி)

உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன் சகோதரி. ‘நான் எழுதின மாதிரியே இருக்கு’ என்றாள்.

ஒரு கணக்குப் பாருங்கள். வருஷத்துக்கு இரண்டு மாச லீவு என்று வைத்தால், 19 வருஷத்தில் அவர் வீட்டில் இருந்தது மொத்தம் மூன்று வருஷம் சொச்சம். அதுவும் லீவில் வந்தவராக, கறிக்குழம்பும் கேன்டீன் சாமானுமாக இருந்த நாட்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவு, பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசியது, மாமியார் ஆபரேஷன், இதெல்லாம் நீங்கள் தனியாகப் பார்த்தது. இப்போது திரும்பி வந்தவருக்கு இந்த வீட்டில் தனக்கு என்ன வேலை என்றே தெரியவில்லை. யூனிட்டில் ஒன்று சொன்னால் உடனே நடக்கும், நேரம் தவறினால் தண்டனை உண்டு, அதில்தான் அவருடைய உயிரும் மற்றவர் உயிரும் இருந்தது. அந்தப் பழக்கம் கேட்டைத் தாண்டியதும் கழன்று விழுந்துவிடாது. எனக்கு முழுதாக மூன்று வருஷம் ஆனது.

கடையை மூட வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கல்லாவில் நீங்கள் உட்காருங்கள். யாருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், யாரிடம் எப்படிக் கேட்டால் திரும்ப வரும் என்று ஊரை அறிந்தவர் நீங்கள்தான். விடியற்காலையில் மார்க்கெட் போவது, சரக்கு எடுப்பது, குடோனில் அடுக்குவது, எது தீர்கிறது எது காலாவதி ஆகிறது என்று நோட்டுப் போடுவது, இதை அவரிடம் விடுங்கள். நாலு மணிக்கு எழுந்து, எண்ணி, எழுதி, ஒழுங்காக வைக்கிற வேலை, ஒரு ராணுவத்துக்காரரைவிட அதை நன்றாகச் செய்ய ஆள் கிடையாது. எங்கள் ஏஜென்சியில் பார்ட்டிகளோடு பேசுவது என் மனைவிதான், நான் ஆட்களைப் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப் பிரித்த பிறகு இரண்டு பேருக்கும் நிம்மதி.

தூக்கமின்மையைச் சும்மா விட்டுவிடாதீர்கள். ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் மருத்துவரிடம் சொன்னால் மனநல மருத்துவருக்கு எழுதிக் கொடுப்பார். அங்கே வர மறுத்தால், ‘டெலி மானஸ்’ என்று அரசு நடத்தும் 14416 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், இலவசம், எந்த நேரமும். முதலில் நீங்களே பேசிப் பாருங்கள். அப்புறம் அவருடைய யூனிட்டில் இருந்து வந்தவர்கள் பக்கத்தில் யாராவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். நம்மிடம் சொல்லாததை அவர்களிடம் சொல்வார்கள். குடி அதிகமாக இருந்தால், நீங்கள் அதை எழுதவில்லை, இருந்தால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆடு வளர்ப்பும் சின்னதாகத் தீவன ஆலையும் வைக்க ஆசை. முன்னாள் படைவீரர்களுக்கு அரசுக் கடன், மானியம் என்ன இருக்கிறது? (தர்மபுரி)

இரண்டைச் சொல்கிறேன். தமிழக அரசின் ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டம், 2024 சுதந்திர தின உரையில் அறிவித்தது. ஒரு கோடி வரை வங்கிக் கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம், தொழில் பயிற்சியும் உண்டு. மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் முன்னாள் படைவீரர் சிறப்புப் பிரிவில் வருவார். கிராமத்தில் தொடங்கினால் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம், நம் கைப்பணம் 5 சதவீதம் போதும். உற்பத்தித் தொழிலுக்குத் திட்ட மதிப்பு 50 லட்சம் வரை, சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை. தீவன ஆலை உற்பத்தியில் வரும்.

ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். பி.எம்.இ.ஜி.பி. மானியம் உங்கள் கையில் வராது. மூன்று வருஷம் உங்கள் பேரில் பேங்க்கில் டெபாசிட்டாக இருக்கும், அதுவரை தொழில் நடந்தால்தான் கடனில் கழியும். மானியப் பணத்தில் வீட்டுக்கு மாடி எடுக்கலாம் என்று நினைத்தவர்களை எனக்குத் தெரியும். மானியத்துக்காகத் தொழில் தேடினால் கடனில்தான் முடியும், நீங்கள் தொழிலை முடிவு செய்துவிட்டு மானியம் கேட்கிறீர்கள், அது சரியான வரிசை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் கேளுங்கள், இடைத்தரகருக்கு ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: கேப்டன் கோபிநாத் மாதிரி விமானக் கம்பெனி நடத்தியதெல்லாம் ஆபீசர்களால் முடியும். எங்களைப் போன்ற ஜவான்களால் முடியுமா? (விருதுநகர்)

அவருடைய கதையை சினிமா பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் நடுவில் இருந்த வருஷங்களைக் கவனிப்பதில்லை. கர்நாடகத்தில் ஹாசன் பக்கம் கோரூர்க்காரர் அவர், 1951-ல் பிறந்தவர். 1971 போரில் இருந்தார், எட்டு வருஷத்தில் கேப்டனாகப் பட்டாளத்தை விட்டார். குடும்ப நிலம் ஹேமாவதி அணையில் முழுகிப்போக, பதிலுக்குக் கிடைத்த வறண்ட நிலத்தில் டென்ட் அடித்துத் தங்கி விவசாயம் செய்தார். ரசாயனம் இல்லாமல் பட்டுப்புழு வளர்த்ததற்கு 1996-ல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இடையில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் விற்றார், ஓட்டல் நடத்தினார். ஒரு பட்டாள நண்பரோடு சேர்ந்து ஹெலிகாப்டர் கம்பெனி தொடங்கியது 1997-ல், ஏர் டெக்கான் 2003-ல். அதாவது பட்டாளத்தை விட்டு முதல் ஹெலிகாப்டருக்கு ஏறக்குறைய 18 வருஷம். அதன் பிறகும் விமானக் கம்பெனி கைமாறியது, சரக்கு விமானத் தொழில் நிலைக்கவில்லை. நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்தப் பட்டுப்புழு வருஷங்களைத்தான்.

ஜவான்தானே என்கிறீர்கள். அன்னா ஹசாரே ராணுவத்தில் லாரி ஓட்டியவர். 1965 போரில் கேம்கரண் பகுதியில் உயிர் தப்பியவர். 1975-ல் மகாராஷ்டிரத்தில் தன் ஊரான ராலேகான் சித்திக்குத் திரும்பினார். அப்போது அந்த ஊரில் தண்ணீர் கிடையாது, சாராயம்தான் இருந்தது. தன் பணத்தைப் போட்டு இடிந்த கோயிலைச் சரி செய்தார், அதைப் பார்த்து ஊர் ஜனம் கூடியது, அப்புறம் எல்லோரும் சேர்ந்து தடுப்பணை, கசிவுநீர்க் குட்டை என்று மழைத் தண்ணீரை நிறுத்தினார்கள். கிணற்றில் தண்ணீர் ஏறியது, விவசாயமும் பால் வியாபாரமும் திரும்ப வந்தது. அவருடைய பிற்கால அரசியலைப் பற்றி யாருக்கு என்ன கருத்து இருந்தாலும், அந்த ஊரை அவர் நிமிர்த்தியது கண்ணால் பார்க்கிற விஷயம். பத்மஸ்ரீ 1990-ல், பத்மபூஷண் 1992-ல் கொடுத்தார்கள்.

கேள்வி: என் மகன் அக்னிவீர், முதல் பேட்ச். நான்கு வருஷம் முடிந்து வந்தால் பதினோரு லட்சத்துக்கு மேல் வரும் என்கிறான். பென்ஷன் கிடையாது. இப்போதே உறவுக்காரர்கள் ஆளுக்கு ஒரு தொழில் சொல்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. (ஒரு தாய், ஆரணி)

உங்கள் பயம் நியாயமானது அம்மா. எங்களுக்குப் பென்ஷன் இருந்தது, தவறு செய்தாலும் சோறு இருந்தது. உங்கள் பையனுக்கு அது இல்லை, ஈ.சி.எச்.எஸ்.ஸும் இல்லை. அதனால் போளூர் தம்பிக்குச் சொன்னதை உங்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்கிறேன், அந்தப் பணத்தில் ஒரு வருஷம் யாரும் கை வைக்கக் கூடாது. அவனுக்கு வயது 23, 24 இருக்கும், அந்த வயதில் நான் பைப் கட்டர் பிடிக்கவே கற்றுக்கொண்டிருந்தேன். முதலில் நூற்றுக்கு இருபத்தைந்து பேரைத் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள், அதற்கு முழு மனசோடு முயற்சி செய்யட்டும். கிடைக்காவிட்டால் மத்திய ஆயுதக் காவல் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள், அதற்கு எழுதட்டும். அதே நேரத்தில் ஒரு தொழில் கையில் ஏறட்டும், வயரிங், ஏ.சி. மெக்கானிக், வெல்டிங் எதுவானாலும். வந்ததும் என்னிடம் அனுப்புங்கள். என் காண்ட்ராக்ட்டில் வருஷத்துக்கு நான்கு பேரைச் சம்பளத்தோடு வேலை கற்றுக்கொள்ளச் சேர்க்கிறேன், இந்த முறை இரண்டு இடம் அக்னிவீர்களுக்கு என்று வைத்திருக்கிறேன். பத்திரிகை ஆபீஸுக்கு எழுதினால் என்னிடம் வந்துவிடும். நீங்களும் ஒரு தொழில் நடத்துகிறவராக இருந்து இதைப் படித்தால், உங்களிடம் எத்தனை இடம் என்று எழுதுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

கேள்வி: கணவர் பணியில் இருக்கும்போதே இறந்து ஐந்து வருஷம் ஆகிறது. குடும்ப பென்ஷன் வருகிறது. தையல் தெரியும். யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்க ஆர்டர் கிடைத்தால் நானும் இரண்டு பேருக்கு வேலை கொடுப்பேன். மகள் பிளஸ் டூ. எங்கே ஆரம்பிப்பது? (பெயர் வேண்டாம், திருப்பத்தூர் மாவட்டம்)

ஆர்டர் எங்களிடமே இருக்கிறது சகோதரி. 40 பேருக்கு மேல் காவலர்கள், வருஷத்துக்கு ஆளுக்கு இரண்டு செட். இதுவரை ஈரோட்டிலிருந்து ரெடிமேடாக வாங்கிக்கொண்டிருந்தோம், பாதிப் பேருக்குத் தோள் சரியாக இருப்பதில்லை. முதலில் ஐந்து செட் தைத்துக் கொடுங்கள், துணி நாங்கள் தருகிறோம். தையல் சரியாக இருந்தால் மீதியும் உங்களுக்கே. பணம் பதினைந்தாம் நாள் வந்துவிடும், அதை எழுதியே கொடுக்கிறேன்.

காக்கும் கரங்கள் திட்டத்தில் பணியில் இறந்தவர்களின் மனைவியரும் வருகிறார்கள், மெஷின் வாங்க அதில் கேளுங்கள். மகள் தொழிற்கல்விப் படிப்பில் சேர்ந்தால் பிரதமர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், பெண் பிள்ளைகளுக்கு மாசம் ரூ.3,000. கேந்திரிய சைனிக் போர்டு (மத்திய படைவீரர் வாரியம்) இணையதளத்தில் போட வேண்டும், கடைசித் தேதியை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், பலர் அதைத் தவறவிட்டுத்தான் அழுகிறார்கள். நல அலுவலகத்துக்குப் போகும்போது கணவரின் டிஸ்சார்ஜ் புத்தகம் அல்லது இறப்பு ஆவணம், பி.பி.ஓ. (பென்ஷன் உத்தரவு) நகல், விதவை அடையாள அட்டை, ஆதார், பேங்க் பாஸ்புத்தகம், எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீஸிலிருந்து ஓர் அக்கா வருவார், அவரும் பட்டாளத்து வீட்டு அம்மாதான், உங்கள் மாவட்ட ஆபீஸ் அவருக்குப் பழக்கம். என்றைக்குப் போக வசதி என்று மட்டும் ஒரு கார்டு போடுங்கள்.